முன் ஆக்ஸில்: ஒர்க்‌ஷாப்பா, உடைப்புக் கடையா, வீட்டு முற்றமா?

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டியைப் ‘பாக்கி’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது கடனைத்தான் நினைவூட்டும். பொருத்தமான பெயர்தான், வாங்கிய நாள் முதல் எனக்கு ஏதாவது ஒரு செலவு பாக்கி வைத்துக்கொண்டே இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு லேண்ட் குரூசர் 79, 4.2 லிட்டர் டீசல். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கரும்புக்காட்டு மண்பாதைகளில்தான் அதன் பிழைப்பு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோனது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வண்டி அந்த நாட்களில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் சுமந்தது. பாலம் போன இடங்களில் ஓடையிலேயே இறங்கி ஏறியது. ஆண்டு முடிவதற்குள் இரண்டு முன் சக்கரங்களின் உட்புறத்திலும் கறுப்புக் குழம்பு வழிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நடுக்கம் வேறு.

கோளாறு முன் ஆக்ஸிலில், அதாவது இரண்டு முன் சக்கரங்களையும் தாங்கும் குறுக்கு அச்சில். மூன்று வழிகள் இருந்தன: ஒர்க்‌ஷாப்பில் விடுவது, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் முழு ஆக்ஸிலையே வாங்கி மாட்டுவது, வீட்டு முற்றத்தில் நானே பிரிப்பது. மூன்றாவதைச் செய்தேன். அதனால் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகை ஆக்ஸிலின் இரு முனைகளிலும் உள்ளே குடைந்த இரும்பு உருண்டை ஒன்று இருக்கும். அதன்மீது மேலும் கீழுமாக இரண்டு கிங்பின் பேரிங்குகளைப் பற்றிக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகம் திரும்பும். உருண்டைக்குள் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பி நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு; அதைச் சுற்றிக் கெட்டியான மாலிப்டினம் கிரீஸ். ஆக்ஸில் குழாயின் உள்ளே இருப்பதோ கியர் ஆயில். இந்த இரண்டும் கலக்காமல் நடுவே நிற்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே ஒரு சீல், ரப்பர் உதடு வைத்த ஓர் அடைப்பு வளையம். அது தேய்ந்தால் ஆயில் உருண்டைக்குள் புகும், கிரீஸ் கரையும், கரைந்தது வெளிச் சீலைத் தாண்டி டயரில் வழியும். நான் பார்த்த கறுப்புக் குழம்பு அதுதான். இனி எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இந்தச் சீலில் வந்துதான் நிற்கும்.

ஒர்க்‌ஷாப்பின் நன்மைகளை நான் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் இருக்கிறது, பிரஸ் இருக்கிறது, நம் முதுகு நம்மிடமே இருக்கும். ஆனால் நான் ஏற்கெனவே ஒரு முறை விட்டுப் பார்த்தவன். முன்பு இதே கசிவுக்கு ஓர் இடத்தில் பணம் கட்டினேன். எட்டே மாதத்தில் மறுபடி வழிந்தது. இந்த முறை பிரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளியில் கண்ணுக்குத் தெரியும் பெரிய சீல் புதிதாக இருந்தது. உள்ளே இருந்த சின்னச் சீல், உதடு பிளாஸ்டிக் போல விறைத்துப்போன பழையது. வெளிச் சீலை மாற்றச் சில போல்ட்டுகள் போதும். உள் சீலுக்கு சிவி ஜாயிண்ட்டோடு அச்சுத் தண்டையே வெளியே இழுக்க வேண்டும். அவசரக்காரன் எதை மாற்றுவான் என்பது தெரிந்ததுதானே. எல்லா ஒர்க்‌ஷாப்புகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். விடுவதானால் பழைய உள் சீல்கள் இரண்டையும் கையில் தரும்படி கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

உடைப்புக் கடை ஆக்ஸில் கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஒரே நாளில் கழற்று, மாட்டு, முடிந்தது. என் மச்சான் அதைத்தான் அடித்துச் சொன்னார். அதில் இரண்டு வில்லங்கங்கள். முதலாவது கியர் விகிதம். லேண்ட் குரூசர் 70 வரிசையில் 3.9, 4.1, 4.3 என வெவ்வேறு விகிதங்களில் டிஃபரன்ஷியல்கள் (சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிகள்) வந்திருக்கின்றன. முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட மறுகணமே முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடிவாங்கும். இரட்டைச் சக்கர இயக்கத்தில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்திலும் சிறியதிலும் பற்களை எண்ண வேண்டும். 41-க்கு 10 என்றால் 4.1, 43-க்கு 11 என்றால் 3.9.

விகிதம் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆக்ஸிலின் உள் சீல் எப்படி இருக்கிறது? எத்தனை ஆண்டுகள் மழையில் கிடந்தது? உள்ளே தண்ணீர் போயிருந்தால் கிங்பின் பேரிங்கில் உருளைகள் நின்ற இடமெல்லாம் குழி விழுந்திருக்கும். ஆகவே மாட்டுவதற்கு முன் அதையும் பிரித்துச் சீல், பேரிங் எல்லாம் மாற்றத்தான் வேண்டும். அதே வேலையை என் சொந்த ஆக்ஸிலிலேயே செய்தால் ஆக்ஸில் விலை மிச்சம். குழாயே வளைந்திருந்தால், அல்லது டிஃபரன்ஷியல் நொறுங்கியிருந்தால், அப்போது மச்சான் சொல்வது சரி.

சரி, வீட்டு முற்றம். டிசம்பர் நடுவில் இந்த நாட்டில் பாதிக் கடைகள் மூடிவிடும், எனக்கும் விடுமுறை. தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வாழை மரம் ஏற்ற வண்டி வேண்டும் என்பதால் ஜனவரி முடிவதற்குள் முடித்தாக வேண்டிய கெடுவும் இருந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. பாதி வேலை நெற்றி விளக்கில்தான் நடந்தது. முதல் பக்கத்துக்கு இரண்டு முழு நாட்கள் ஆயின. அடுத்த பக்கம் ஒரே நாள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள்; வண்டியின் சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டுகள், பின் சக்கரங்கள் உருளாமல் இருக்க அண்டைக் கட்டைகள். தனியாக வாங்க வேண்டியிருந்த கருவி, ஹப் எனும் சக்கரக் குடத்தைப் பிடித்திருக்கும் நட்டுக்கான 54 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றுதான். பலர் உளியை வைத்து அந்த நட்டைத் தட்டுகிறார்கள். என் வண்டியிலும் யாரோ தட்டிய வடு இருந்தது. பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஹப் முகப்பில் ஆறு கூம்பு வாஷர்கள் இறுகிக் கிடக்கும். பித்தளைக் கம்பியை வைத்து ஸ்டட்டுகளின் பக்கத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தால் துள்ளி வெளியே வரும், நெம்பினால் வராது. கிங்பின் பேரிங்குகளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளில் மேலே உள்ளவை மேலே, கீழே உள்ளவை கீழே. நான் அவற்றை அம்மாவின் முறுக்குத் தட்டுகள் இரண்டில் பிரித்து வைத்தேன். தட்டுகளை அதன்பின் அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சீலை அடித்து இறக்குவது எளிது. குழாயில் ஒரே மட்டமாக இறங்க வேண்டும், அவ்வளவே. அச்சுத் தண்டில் பழைய உதடு ஓடிய தடம் நகத்தில் தட்டுகிற அளவுக்குப் பள்ளமாக இருந்ததால், புதிய உதடு அந்தப் பள்ளத்தில் உட்காராதபடி சீலை ஒரு நூல் ஆழமாக இறக்கினேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான். சிவி ஜாயிண்ட்டோடு சேர்ந்த அச்சுத் தண்டு கனமானது. அதைக் குழாய்க்குள் விடும்போது ஒரு கணம் அதன் எடை சீலின்மீது சாய்ந்தாலும் போதும், முனையில் உள்ள பற்கள் ரப்பர் உதட்டைக் கீறிவிடும். கீறியது வெளியே தெரியாது. மூன்று மாதம் கழித்து டயரில் தெரியும். நான் உதட்டில் கிரீஸ் தடவி, இடது கை விரல்களைத் தண்டுக்கு அடியில் தொட்டில் போலக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். முனை டிஃபரன்ஷியல் பற்களில் உட்காரும்வரை தண்டைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. இதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். மணிக்கணக்கில் கூலி பார்க்கும் இடத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்குமா என்பதுதான் என் முழு வாதமும்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணம் கிங்பின் பேரிங்கின் தளர்ச்சி. புதியதைப் போட்டபின் நக்கிள் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று அளக்க வேண்டும். இரு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு கழன்ற நிலையில், நக்கிளில் உள்ள ஸ்டியரிங் கரத்தின் நுனியைத் தராசால் இழுத்துப் பார்ப்பார்கள். சார்டின் மீன் கூட்டம் கரைக்கு வரும் காலத்தில் மாமா மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கேட்டேன்.

“மீன் தராசை வைத்துக்கொண்டு வண்டியையா நிறுக்கப் போகிறாய்?” என்றார்.

“வண்டியின் கழுத்தை மட்டும், மாமா.”

முள் கையேட்டில் சொன்ன எல்லைக்குக் கீழே நின்றது. ஒரு மெல்லிய தகட்டை எடுத்ததும் சரியாகிவிட்டது. நடுக்கம் அன்றோடு போனது.

செலவு: ஜப்பானியப் பேரிங்குகள், நல்ல சீல்கள், கிரீஸ், கியர் ஆயில், அந்த சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். மலிவான நகல் சீல் செட்டும் கிடைக்கிறது. சீலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிஃபரன்ஷியலில் இருந்து வடித்த ஆயில் பால் தேநீர் நிறத்தில் வந்தது, அதாவது தண்ணீர் கலந்தது. ஆக்ஸிலுக்கு மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. என்னுடையதில் சேறு அடைத்திருந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுபடி சூடேறும்போது ஆயிலை வெளியே தள்ளும். நல்ல சீலையும் இது கெடுத்துவிடும். புதிய ஹோஸ் ஒன்றை எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை இழுத்துக் கட்டினேன். இந்த அடைப்பை முந்தைய ஒர்க்‌ஷாப் பார்க்கவே இல்லை.

நான் செய்து பார்த்திராதவை இரண்டு. டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களை நான் தொட்டதில்லை. அவற்றின் இடைவெளியை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அமைக்க வேண்டும். ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்டால் நானும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போவேன். புதிய ஹைலக்ஸ் போன்ற தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளின் முன்பக்கம் வேறு கதை. இங்கே சொன்னது அதற்குப் பொருந்தாது.

என் கணக்கு இன்னும் முழுதாக முடியவில்லை என்பதும் உண்மை. மாற்றியபின் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. லெசோத்தோ எல்லையில் உள்ள சானி கணவாயில் 2,876 மீட்டர் உச்சிவரை ஒரு முறை ஏறி இறங்கியது. மாதம் ஒரு முறை துணியால் உருண்டையைத் துடைத்துப் பார்க்கிறேன். வலது பக்கம் காய்ந்திருக்கிறது. இடது பக்கம் மெல்லிய கிரீஸ் படலம். விரலில் எடுத்தால் வழியாமல் ஒட்டி நிற்கிறது. ஒழுகினால் மறுபடி பிரிப்பேன். முறுக்குத் தட்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.