மாங்கொட்டை விழுங்கிய நாயும் மயக்க மருந்தும்: ஒரு கால்நடை மருத்துவமனையின் சேவை

எங்கள் லாப்ரடார் விழுங்கிய மாங்கொட்டை சிறுகுடலில் அடைத்துக்கொண்டதை ஸ்கேன் உறுதிசெய்த பின், அறுவைச் சிகிச்சைக்காக நாங்கள் நாடிய தனியார் கால்நடை மருத்துவமனையில் என்னை மிகவும் கவர்ந்தது, மயக்க மருந்து கொடுப்பதில் அவர்கள் காட்டிய நிதானமே.

நாயை வந்தவுடன் மேசையில் ஏற்றவில்லை. ஓயாத வாந்தியில் நீரோடு பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறிவிடுவதால், அந்நிலையிலேயே மயக்கினால் இரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பும் தடுமாறும் என்று விளக்கி, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முதலில் டிரிப் ஏற்றினார்கள். உரிமையாளருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றலாம். ஆனால் செலுத்திய பணத்துக்கு உரிய மதிப்பு இந்தக் காத்திருப்பில்தான் இருந்தது. (வயிறு உப்பி முறுக்கிக்கொண்ட நாய்க்கு இத்தனை அவகாசம் கிடைக்காது என்பது வேறு விஷயம்.)

பல இடங்களில் வழக்கமாகப் போடும் சைலசீன் என்ற தணிப்பு மருந்தை, வாந்தியைத் தூண்டிக் குடலின் அசைவையும் குறைக்கும் என்பதால் தவிர்த்தார்கள். குடல் அடைபட்டிருந்தால், பட்டினி போட்டாலும் வயிறு காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே நரம்பு வழியாகப் போடும் மயக்க மருந்தான புரோபோஃபாலைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, தலையை உயர்த்திப் பிடித்தபடியே மூச்சுக்குழாயில் குழாயைச் செருகி, அதன் நுனியிலுள்ள காற்றுப்பையை ஊதிய பிறகே தலையைத் தாழ்த்தினார்கள். உறிஞ்சு கருவி கையெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றிலிருந்து மேலேறும் திரவம் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வரிசையின் அருமை புரியும். பிறகு ஐசோஃபுளூரேன் வாயுவில் மயக்கத்தைத் தொடர்ந்தார்கள். அறுப்பவர் ஒருவர், மயக்கத்தைக் கவனிப்பவர் வேறொருவர். சராசரி இரத்த அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டதையும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்த தாளையும் கேட்டவுடன் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. கட்டணச் சீட்டில் மயக்க மருந்து, கண்காணிப்பு, வாயு அனைத்தையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள். நாய்க்கும் பூனைக்கும் ஒரே காத்திருப்பு அறை.

மயக்கத்துக்கெனத் தனி மருத்துவர் பகலில் மட்டுமே இருக்கிறார். ஆகவே இரவில் செல்ல நேர்ந்தால், அறுவைச் சிகிச்சையின்போது நாயைக் கண்காணிக்கத் தனியாக ஓர் ஆள் இருப்பாரா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.