ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் பண்ண: விண்டோஸ் கீபோர்டா, கூகுள் இன்புட் டூல்ஸா?

அட்மின் பாஸ்வேர்டு ஐடி டீம்கிட்ட இருக்கு, எந்த சாஃப்ட்வேரும் போட முடியாது, ஆனா தமிழ்ல மெயில் அனுப்பணும்னா இருக்கிறது ரெண்டு வழி: விண்டோஸ்லயே இருக்கிற தமிழ் கீபோர்டு, இல்லன்னா இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாத்தித் தர்ற கூகுள் இன்புட் டூல்ஸ் வெப்சைட்.

பர்மிஷன்: விண்டோஸ் 10-ல 2019 மே அப்டேட்லயே 'தமிழ் ஃபோனெடிக்' கீபோர்டு (amma-ன்னு அடிச்சா அம்மான்னு வரும்) வந்துடுச்சு, செட்டிங்ஸ்ல லாங்குவேஜ் போய் சேத்துக்கலாம், பெரும்பாலும் அட்மின் கேக்காது. சில ஆபீஸ்ல அந்தப் பக்கத்தையே பூட்டியிருப்பாங்க, அப்போ ஐடி ஆளுகிட்ட கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலைதான். கூகுளுக்கு பிரௌசர் போதும், பிரௌசர்ல சேத்துக்கற அதோட எக்ஸ்டென்ஷன் பிளாக் ஆகியிருந்தாலும் வெப்சைட் பெரும்பாலும் திறக்கும்.

வேகம்: விண்டோஸ்ல வேர்டு, எக்செல், அவுட்லுக் எல்லாத்துலயும் நேரா அடிக்கலாம், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அழுத்தினா இங்கிலீஷுக்கு மாறிடும். கூகுள் வெப்சைட்ல அடிச்சு, காப்பி பண்ணி, வேர்டுலயோ மெயில்லயோ ஒட்டணும், நாலு வரிக்கு சரி, நாலு பக்கத்துக்கு கை வலிக்கும்.

நெட்: விண்டோஸுக்கு வேணாம். கூகுளுக்கு கண்டிப்பா வேணும்.

ரகசியம்: இதைத்தான் யாரும் யோசிக்கறதில்ல. கூகுள் பக்கத்துல அடிக்கற எழுத்து அவங்க சர்வருக்குப் போய்தான் தமிழா திரும்பி வருது, அதனால சம்பள விவரம், கஸ்டமர் பேரு, ஆதார் நம்பர் எதையும் தயவுசெஞ்சு அங்க அடிக்காதீங்க.

தினமும் தமிழ்ல வேலைன்னா விண்டோஸ் கீபோர்டுதான். எப்பவாவது ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பணும்னா கூகுள் போதும்.