கேமரா உள்ள டே கேரா, வாஷ்பேசின் உள்ள டே கேரா?

என் பெண் குழந்தைக்குப் பத்து மாதம். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் ஆபீஸில் அவ்வளவு பேர் இல்லை, அதனால் வெளியேதான் தேட வேண்டியிருந்தது. பெருங்குடியில் கடைசியாக இரண்டு இடங்கள் தேறின.

ஒன்று, மெயின் ரோட்டில் பெரிய டே கேர். ஏசி, விளையாட்டுச் சாமான், குழந்தையை மொபைலிலேயே பார்த்துக்கொள்ளக் கேமரா. இன்னொன்று, ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடத்துவது. மாடிப்படிக் கதவு, மூடிய பிளக் பாயிண்ட் எல்லாம் இரண்டிலும் சரி. குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைப்பதும், தலையணை வைக்காததும் அப்படியே.

என்னை முடிவெடுக்க வைத்தது டயாபர் மாற்றும் இடம்தான். பெரிய டே கேரில் அதற்கென்று மேஜை உண்டு, பக்கத்தில் குழாய் இல்லை. ஆயா மாற்றிவிட்டு சானிடைசரைத் தடவிக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். கை அலம்ப வேண்டுமென்றால் பால் புட்டி கழுவும் அதே சிங்க்குக்குத்தான் போகவேண்டும்.

நர்ஸம்மா வீட்டில் மேஜைக்கு ஓரடி தள்ளி வாஷ்பேசின். ஆயா அழுக்கு டயாபரைக் காலால் மிதித்துத் திறக்கும் டப்பாவில் போட்டார், பாப்பாவின் கையையும் கழுவினார், பிறகு தன் கையைச் சோப்புப் போட்டு விரலிடுக்கு வரை தேய்த்தார். ரெக்சின் விரிப்பைத் துடைத்த பிறகுதான் அடுத்த குழந்தை.

இதைப் போய் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன்? வாந்திபேதி, கை-கால்-வாய் நோய் இரண்டும் டே கேரில் மலம் பட்ட கை வழியாகச் சுலபமாகப் பரவும். கை-கால்-வாய் நோயில் கொப்புளம் ஆறிப் பிள்ளை திரும்பி வந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். "காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்கமாட்டோம்" என்ற விதி மட்டும் போதாது. இந்த வைரஸ்களிடம் சானிடைசரின் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்திபேதி தரும் ரோட்டாவைரஸுக்கு 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்து இருக்கிறது. மற்றதற்கெல்லாம் ஆயாவின் கைதான்.

அந்தக் கைக்கு நேரமும் வேண்டும். ஒரு வயதுக்குள் மூன்று குழந்தைக்கு ஓர் ஆள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் ஊரில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் நர்ஸம்மாவிடம் ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆயாக்கள். ஒருவர் டயாபர் மாற்றும்போது மற்றவர் சோறு ஊட்டுகிறார்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து பிள்ளை முகத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல், அது இப்போது எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கேமரா காட்டுவது விளையாடும் ஹாலை மட்டும்தான்.

இரண்டு, மூன்று மாதக் குழந்தைக்கு எது சரி என்று நான் சொன்னால் அது வெறும் ஊகம். இன்னொன்று, நர்ஸம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று கதவு திறக்காது. அந்த மாதிரி நாளுக்கு மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். மாமியார் பக்கத்தில் இல்லாதவர்கள் பெரிய டே கேரில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மேஜை பக்கம் ஒரு குழாய் போடச்சொல்லி நச்சரிக்கலாம்.