கூடத்தில் பாயா, பக்கத்துத் தெருவில் வாடகை அறையா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த சித்தி குடும்பம், நாலு பேர், ஈரத்துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கூடவே வைப்பதா, பக்கத்துத் தெருவில் மாச வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கொடுப்பதா?

முதல் வாரத்துக்கு வீடுதான் சரி. ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே சித்தி எழுந்து உட்கார்ந்துவிடுவார்; யாராவது விளக்கைப் போட்டு, ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொடுத்தால் போதும். தனி அறையில் அதற்கு யார் இருக்கிறார்கள்? நிவாரணம் வாங்க வரிசையில் நிற்பவருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

ஆனால் ஒரே குளியலறைக்கு எட்டுப் பேர். சித்தப்பா காபி கேட்கவே கூச்சப்படுவார். சித்தி ஓயாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார், கடனை அடைப்பது மாதிரி. அறை கிடைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடலாம், அழலாம். செலவு, அட்வான்ஸ் எல்லாம் அப்புறம்.

பத்தாம் நாள் அறை பார்த்தோம். நடந்தால் நாலு நிமிஷம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். சித்தி தன் அடுப்பில் முதலில் வைத்தது மிளகு ரசம். எங்களுக்கும் ஒரு தூக்கு வந்தது.