வாக்கி டாக்கி பேட்டரிகள்: ஒரு நூற்பாலையில் எட்டு ஆண்டு அனுபவம்

கோவைக்கு அருகே மூன்று ஷிப்டும் ஓடும் ஒரு நூற்பாலையில், காவல் பிரிவும் பராமரிப்புப் பிரிவும் பயன்படுத்தும் 14 வாக்கி டாக்கிகளின் பேட்டரிகள் 8 ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. உழைத்துத் தேய்ந்தவற்றைவிட, முழுச் சார்ஜுடன் வெப்பத்தில் கிடந்தே கெட்டவைதான் எங்களிடம் அதிகம்.

தொடக்கத்தில் நிக்கல் காட்மியம் பேட்டரிகளே இருந்தன. அவற்றை அவ்வப்போது முழுவதுமாக இறக்கிவிட்டுச் சார்ஜ் ஏற்றுவது வழக்கம். 7.4 வோல்ட் லித்தியம் அயனி பேட்டரிகளுக்கு மாறிய பிறகும் காவலர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. லித்தியத்துக்கு அது கெடுதல். அடிமட்டம் வரை இறக்கி நாள்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு சார்ஜரில் செருகினாலும் ஏறாமல் போகலாம். 3 பேட்டரிகளை இப்படி இழந்தோம்.

அதைவிடப் பெரிய இழப்பு வாயிற்காவல் அறையில் நேர்ந்தது. தகரக் கூரை போட்ட அந்த அறையில், சித்திரை வெயிலில், மாற்றுப் பேட்டரிகள் வாரக்கணக்கில் சார்ஜரிலேயே இருந்தன. பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். முழுச் சார்ஜில் 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு கிடக்கும் லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். 40 விழுக்காடு சார்ஜுடன் 25 டிகிரியில் வைத்தால் இழப்பு 4 விழுக்காடு அளவில்தான் இருக்கும். இதை அறிந்த அன்றே சார்ஜர்களைக் காற்றோட்டமான டைம் ஆபீசுக்கு மாற்றினேன். உடனடித் தேவைக்கு 2 மட்டும் முழுச் சார்ஜில் இருக்கும். மற்றவை பாதிச் சார்ஜில் அலமாரியில் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: பேச்சு நன்றாகக் கேட்கிறது, பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. கேட்கும்போது செட் சில நூறு மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 5 வாட்டில் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உள்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) கூடிய பழைய பேட்டரியின் வோல்ட் அந்த நொடியில் சரிந்துவிடுகிறது. ஆயினும் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அதன் தகட்டு முனைகளைப் பாருங்கள். எங்கள் ஆலையில் பஞ்சுத் தூசியும் வியர்வையும் சேர்ந்து அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலமாகப் படியும். பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பக்கத்து முனைகளையும் துடைத்த பின், ஒதுக்கிவைத்த பேட்டரிகளில் சில மீண்டும் வேலைக்கு வந்தன. மாதம் ஒருமுறை இதைச் செய்கிறோம்.

மலிவாகக் கிடைத்தன என்று ஒருமுறை ஒரு கடையில் பேரற்ற பேட்டரிகள் வாங்கினேன். பேட்டரிமேல் அச்சிட்டிருந்த கொள்ளளவு பெரிது; அரை ஷிப்டைக்கூட அவை தாண்டவில்லை. அவற்றில் ஒன்று உப்பி, செட்டின் முதுகில் இறுகிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வந்த உதவியாளரைத் தடுத்து, செட்டோடு வெளியே எடுத்துச் சென்று மணல் வாளியில் வைத்தேன். உப்பியவற்றை இப்போது முனைகளில் டேப் ஒட்டி, மணலிலேயே தனியாக வைத்திருந்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கிறோம்.