தோட்டத்து வண்டிக்கு எந்த டயர்? எச்.டி., ஏ.டி., எம்.டி. ஒப்பீடு

மழை தொடங்கும் முன்பே எங்கள் பொலேரோ கேம்பருக்கு ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரும் மாற்றிவிட்டோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி. கம்பெனி அளவு 235/75 ஆர்15. அதே அளவில் எம்.ஆர்.எஃப். வாண்டரர் ஏ.டி. போட்டிருக்கிறோம். ஏ.டி. என்றால் ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். மலையில் இருப்பவர்கள் பாதிப் பேர், "இன்னும் கொஞ்சம் முரட்டு டயராப் போட்டிருக்கலாமே" என்கிறார்கள். கீழே வத்தலகுண்டில் இருப்பவர்கள், "தார் ரோட்டுக்கு எச்.டி. போதுமே, எதுக்கு வீண் செலவு" என்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஏ.டி. பக்கம் வந்ததற்குக் காரணம் பிடிப்போ விலையோ இல்லை. அதைச் சொல்வதற்கு முன் மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வண்டி என்ன வேலை பார்க்கிறது என்று தெரிய வேண்டும். வத்தலகுண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடி வரை மலைப்பாதை. வளைவும் ஏற்றமும் இருந்தாலும் தார் ரோடுதான். அங்கிருந்து தோட்டத்துக்குள் இறங்கினால் செம்மண், உருட்டுக் கல், நடுவில் ஓடை அறுத்த பள்ளம். போகும்போது உரமூட்டை, திரும்பும்போது காபி, மிளகு, சில நாள் மலைவாழை. ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி தாரில். படுகிற பாடு முழுக்க மண்ணில்.

எச்.டி., அதாவது ஹைவே டெரெய்ன், பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர் கட்டி) நெருக்கமாகவும் காடி (பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம்) குறுகலாகவும் இருக்கிற டயர். சத்தம் இல்லை, மைலேஜ் அடிபடாது, நனைந்த தாரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. வண்டி மண்ணில் இறங்குவது எப்போதாவது ஒருமுறை என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதையே போடுங்கள். எங்களுக்கு அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் களியாகி அந்தக் குறுகலான காடிகளில் அடைத்துக்கொண்டால் டயர் மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஃபோர் வீல் போட்டாலும் நாலு சக்கரமும் சேர்ந்துதான் வழுக்கும்.

எம்.டி. என்கிற மட் டெரெய்ன் பார்த்தவுடனே ஆசை வருகிற டயர். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. சக்கரம் சுற்றும்போது சேற்றைத் தானே உதறி எறிந்துவிடும், அதனால் அடுத்த சுற்றுக்குப் பட்டன் சுத்தமாக வந்து மண்ணைக் கடிக்கும். மேக்சிஸ் பிக்ஹார்ன் போட்ட ஜீப் ஒன்று எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது. களியில் அது ஏறுகிற மாதிரி எங்கள் வண்டி ஏறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஜீப்பை மழை நாளில் மலைப்பாதையில் கீழே இறக்கிப் பார்த்திருக்கிறேன். தரையைத் தொடுகிற ரப்பர் குறைவு என்பதால், நனைந்த தாரில் பிரேக் மிதித்தால் நாம் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது அந்த நாலைந்து அடி பெரிய விஷயம். சத்தமும் தேயத் தேய ஏறும். எம்.டி. டயரைச் சொந்தமாக வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியவன் இல்லை நான். இது அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்வது. வண்டி தோட்டத்தை விட்டு வெளியே வராது என்றால் எம்.டி.தான் சரி.

பழைய மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் நாலாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: 6.00-16 நைலான் டயர், உள்ளே டியூப். சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நைலான் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வருவதால் பக்கவாட்டிலும் கனம் இருக்கும். வெட்டு விழுந்தாலும் உள்ளே பழைய டயர்த் துண்டை ஒட்டுக் கொடுத்து டியூப் போட்டு ஓட்டிவிடுவார்கள். தாரில் உடம்பு குலுங்கும், சீக்கிரம் தேயும், வேகத்தில் சூடேறும். கேம்பர் மாதிரி கீழேயும் மேலேயும் ஓடுகிற வண்டிக்கு இனி அது ஒத்துவராது. ஆனால் அந்த ஜீப்காரர்கள் எதை மனதில் வைத்து டயர் எடுத்தார்களோ, அதையேதான் நானும் கடைசியில் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வெட்டு விழுந்தால் மறுநாள் வண்டி ஓடுமா?

தோட்டத்து வண்டியின் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. சைடு வால், அதாவது பக்கச் சுவர், கிழிந்துதான் சாகிறது. உண்ணிச்செடியை அரிவாளால் சாய்வாக வெட்டி விட்டிருப்பார்கள். வெளியே தெரிவது நாலு விரல் உயரக் கட்டைதான், அதுவும் சருகு மூடிக் கிடக்கும். கட்டை காய்ந்தபிறகு முனை உளி மாதிரி இறுகிவிடும். எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி இடம் கொடுக்கும்போது டயரின் விலா அதில் உரசினால் போதும். கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டு, ஓரத்தில் வெள்ளை நூல் பிசிறு, புஸ்ஸென்று காற்று. கவாத்து செய்த காபிக் குச்சி, உடைத்துப் போட்ட கருங்கல் ஜல்லி, எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

இது நடந்தால் பஞ்சர் கடைக்குப் போய்ப் பயனில்லை. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் இரும்புக் கம்பி பெல்ட் இருக்கிறது. அங்கே ஆணி ஏறினால் ஒட்டுத்திரி செருகி ஓட்டலாம். சைடு வாலில் அந்த பெல்ட் கிடையாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு அடுக்கு பாலியெஸ்டர் நூல்தான். டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி விரிகிறது. எந்த ஒட்டும் அங்கே நிற்காது. நின்றாலும் மலை இறக்கத்தில் நம்பி ஓட்டக் கூடாது. டயர் போனது போனதுதான்.

ஆக, கேள்வி இப்படி வந்து நிற்கிறது: ஐந்தில் ஒன்று மட்டும் செத்தால், அதே அளவில், அதே மாடலில், ஒற்றை டயர் எங்கே கிடைக்கும்? எத்தனை நாளில்?

வேறு மாடல் ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். டூ வீல் டிரைவ் வண்டியில் ஓரளவு சமாளிக்கலாம், அதுவும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே ஜோடியாக இருந்தால். ஃபோர் வீலில் கணக்கு வேறு. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கேம்பரில் நடுவில் கிடையாது. ஃபோர் வீல் லிவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். 235/75 ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 733 மி.மீ., சுற்றளவு 2.3 மீட்டர். புது ஏ.டி. டயரில் பட்டன் ஆழம் 11 மி.மீ. என்று வையுங்கள், பழையதில் தேய்ந்து 4 மி.மீ. ஆகியிருக்கிறது. ஆரத்தில் 7 மி.மீ. போனால் சுற்றளவில் 44 மி.மீ. போகும். கிலோமீட்டருக்குப் புது டயர் 434 சுற்று சுற்றினால் பழையது 442 சுற்று சுற்ற வேண்டும். சேற்றில் இந்த வித்தியாசம் வழுக்கிக் கழிந்துவிடும். கெட்டித் தரையில் கழிய வழியில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) அச்சிலும் முறுக்காக ஏறி, லிவரை வெளியே எடுக்கவே வராது. எங்கள் ஏற்றத்தில் பாதித் தூரம் மண், மீதி சிமெண்ட் போட்ட தடம். அடிக்கடி லிவரைப் போட்டு எடுக்கிற இடம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஏ.டி. டயர். சைடு வாலில் மூன்று அடுக்கு. வெட்டுக்கு அதுதான் நன்றாகத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் 2020 ஜூனில் மத்திய அரசு கார், பஸ், லாரி டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுமதி பெற்றுத்தான் இறக்க முடியும் என்று ஆனது. சென்னை, கோவையில் தேடுகிறவருக்குக் கிடைக்கலாம். திண்டுக்கல்லில் ஒற்றை டயர் கேட்டால் "ஆர்டர் போடணும்" என்பார்கள். தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு வெளிநாட்டு டயர் போட்டிருந்தார். ஒன்று கிழிந்தது. காபி பறிப்பு நேரம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, வேறு ஸ்டெப்னி இல்லாமல், பயந்து பயந்து ஓட்டினார். பிறகு வந்து சேர்ந்த ஒற்றை டயரோ தயாரித்து நாள்பட்டது.

அந்தத் தேதியை எல்லோரும் பார்த்து வாங்க வேண்டும். சைடு வாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். அதிகம் விற்காத மாடல் கடையில் கிடந்து ரப்பர் இறுகும். நன்றாக விற்கிற மாடலில் அந்தத் தொல்லை குறைவு. நாங்கள் வாங்கிய ஐந்திலும் இரண்டு மூன்று மாதத்துக்குள்ளான தேதிதான் இருந்தது.

உள்நாட்டு ஏ.டி. டயர்களில் நான் பார்த்தவை அப்போலோ ஆப்டெர்ரா ஏ.டி.2, எம்.ஆர்.எஃப். வாண்டரர் ஏ.டி. இரண்டும்தான். சியட் ஸார், ஜே.கே. ரேஞ்சர் இரண்டும் எங்கள் பக்கம் ஓடுகின்றன, நல்ல பெயரும் இருக்கிறது. ஆனால் கையில் பார்க்காததால் அவற்றை இழுக்கவில்லை. பட்டன் அமைப்பைப் பார்த்தால் ஆப்டெர்ரா கொஞ்சம் திறந்த அமைப்பு, தோள்பட்டைப் பட்டன் நன்றாக வெளியே நிற்கிறது. களிமண்ணுக்கு அதுதான் ஒரு படி மேல் என்று எனக்குப் பட்டது. வாண்டரர் அதைவிட நெருக்கம், தார் ரோட்டில் அமைதி. மண் பிடிப்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் ஆப்டெர்ரா எடுத்திருப்பேன். எங்கள் அளவில் ஒற்றை டயர் இருக்கிறதா என்று வத்தலகுண்டிலும் திண்டுக்கல்லிலும் கடை கடையாக விசாரித்தேன். விசாரித்த இடத்திலெல்லாம் வாண்டரர் இருந்தது, மற்றது சில கடைகளில் "நாளைக்கு வரும்". அங்கேயே முடிவாகிவிட்டது. உங்கள் ஊரில் இதே கேள்விக்கு வேறு பதில் வரலாம். அப்படி வந்தால் அந்த டயரை எடுங்கள்.

ஐந்தாவது டயருக்குக் காசு போடத் தயங்குபவர்கள் அதிகம். பழைய நாலில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னி ஆக்கிவிடுவார்கள். ஃபோர் வீலுக்கு அது சரிப்படாது. ஐந்தையும் ஒன்றாக வாங்கி, சுமார் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து இடம் மாற்றினால் ஐந்தும் ஒரே அளவில் தேயும். ஒன்று கிழிந்தால் ஸ்டெப்னி அந்த இடத்தில் அப்படியே பொருந்தும், வாங்குகிற புது டயர் ஸ்டெப்னி இடத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை மாறாவிட்டால், ஐந்து டயர் வாங்குகிறவருக்குக் கிட்டத்தட்ட அரை டயரின் அடக்க விலை மிச்சம்.

காற்று பற்றி ஒரு வார்த்தை. சேற்றில் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் எந்த டயரும் நன்றாகப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் காற்று குறைந்தால் சைடு வால் வெளியே பிதுங்கும். கட்டைக்கும் கல்லுக்கும் அதுவே முதல் இலக்கு. அதனால் களி மட்டும் இருக்கும் துண்டில்தான் இறக்குகிறோம். ஜல்லி கிடக்கும் தடத்தில் இறக்குவதில்லை. மூட்டை ஏற்றும் நாளில் அறவே இல்லை. வண்டியிலேயே சின்ன கம்ப்ரஸர் ஒன்று கிடக்கிறது. தார் ரோடு ஏறும் முன் காற்றைச் சரி செய்யாமல் வளைவில் இறங்கக் கூடாது.

இதுவரை ஒரு மழைக்காலம் பார்த்தாயிற்று. களி மிக மோசமான இரண்டு ஏற்றத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டியிருந்தது, எம்.டி. இருந்திருந்தால் மாட்டாமலே ஏறியிருக்கும். மற்ற இடத்திலெல்லாம் லோ கியரில் நிதானமாக ஏறிவிட்டது. தேய்மானம் எப்படி, பாதி தேய்ந்தபின் மழையில் பிடிப்பு எப்படி என்று இப்போதே எழுதினால் அது ஊகம். தேய்மான எல்லையைக் காட்ட காடிக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்கும் சின்ன மேட்டை எட்டும்வரை காத்திருக்கப் போவதில்லை. மலைக்கு 4 மி.மீ. ஆகும்போதே மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ஐந்து டயரின் உள்பக்க சைடு வாலையும் கையால் தடவிப் பார்க்கிறோம். வெளிப்பக்க வெட்டு கண்ணில் படும். உள்பக்கம் வீங்கியிருந்தால் தடவினால்தான் தெரியும்.