கண்டேஜியனா, வைரஸா, ஏழாம் அறிவா? ஊரடங்கோட மொத மாசத்துல வீட்ல பாத்த மூணு படம்

மொதல்லயே சொல்லிடறேன், இந்த மூணு தொத்துநோய் படத்துல எனக்கு பிடிச்சது மலையாளப் படம் வைரஸ் தான். ஹாலிவுட் படம் கண்டேஜியன் தான் டாப்புன்னு அடிச்சு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் நெறைய பேரு இருக்காங்க, ஏழாம் அறிவ யாருக்கும் விட்டுக்குடுக்காத தம்பி வீட்லயே இருக்கான், ஆனா 2020 மார்ச் கடைசிலருந்து ஏப்ரல் முடியற வரைக்கும் அந்த மூணையும் ஒரே ஹால்ல ஒரே பாய்ல உக்காந்து பாத்தவளா சொல்றேன், எது நல்ல படம்ங்கறது ஒரு கேள்வி, அந்த நேரத்துல எது கூட இருந்துச்சுங்கறது வேற கேள்வி.

மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144 போட்டுட்டாங்க, ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவில வந்து 21 நாள்னு சொன்னாரு. எங்க வீடு திருச்சி. அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் உள்ள, அக்கா மட்டும் சென்னைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், ஹாஸ்டல்லயே மாட்டிக்கிட்டா. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தியேட்டரெல்லாம் மூடியாச்சு. தம்பி லேப்டாப்ப கேபிள் போட்டு டிவில கனெக்ட் பண்ணி குடுத்தான், மொத நாள் ராத்திரியே அவன் போட்டது கண்டேஜியன். அப்ப உலகம் பூரா அதத்தான் தேடிப்பிடிச்சு பாத்துட்டு இருந்தாங்க, 2011ல வந்த படம் ஒம்போது வருசம் கழிச்சு ஐட்யூன்ஸ் டாப் லிஸ்ட்ல மறுபடி ஏறி நின்னுச்சு.

படம் ஆரம்பிக்கறப்ப ஸ்கிரீன் கருப்பா இருக்கும், ஒரு இருமல் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் 'இரண்டாம் நாள்'னு எழுத்து வரும். ஏர்போர்ட் பார்ல க்வினெத் பால்ட்ரோ உக்காந்து ஃபோன் பேசுது, கை கடலைக் கிண்ணத்துல போகுது, க்ரெடிட் கார்டு எடுத்து குடுக்குது, அந்தப் பக்கம் இருக்கற பொண்ணு அத வாங்கி மிஷின தொடுது, டைரக்டர் சோடர்பெர்க் கேமராவ அந்தக் கை பட்ட இடத்துலயே ரெண்டு செகண்ட் கூடுதலா நிறுத்தி வைக்கறாரு. பேய் கிடையாது, பயமுறுத்தற மியூசிக்னு ஒண்ணும் பெருசா கிடையாது, ஆனா அன்னிக்கு ஹால்ல நாலு பேருல ஒருத்தரும் மூஞ்சில கை வைக்கல. கேட் வின்ஸ்லெட் வொய்ட்போர்டுல ஆர்-நாட்னா என்னன்னு எழுதி வெளக்கற சீன் இருக்கு பாருங்க, அதுக்கு அடுத்த வாரத்துலருந்து தமிழ் நியூஸ் சேனல்ல உக்காந்த டாக்டருங்க எல்லாரும் அதே வார்த்தையத்தான் சொன்னாங்க, ஒரு ஆளுகிட்டருந்து எத்தன பேருக்கு பரவும்ங்கறத எங்கப்பா அந்தப் படத்த பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டாரு.

அந்தப் படத்துல எனக்கு மறக்கவே முடியாதது மேட் டேமன் ஆஸ்பத்திரி காரிடார்ல நிக்கற சீன். டாக்டர் வந்து உங்க மனைவி இறந்துட்டாங்கன்னு சொல்லிடறாரு. இவரு தலைய ஆட்டிட்டு, சரி, நான் அவகிட்ட பேசலாமான்னு கேக்கறாரு. டாக்டர் திரும்ப சொல்றாரு. காதுல விழுது, ஆனா உள்ள போகல. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தம்பிதான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிட்டு வந்தான், அந்த எடத்துல அவன் நிறுத்திட்டான், அம்மாவுக்கு அவன் சொல்லாமலே புரிஞ்சுடுச்சு.

மறுநாள் காலைல பால் பாக்கெட்ட அம்மா சோப்புத்தண்ணில முக்கி எடுத்து, கொடில துணி காயப்போடற க்ளிப்புல வரிசையா தொங்க விட்டாங்க. தக்காளி, கத்திரிக்கா, மஞ்சப்பை எல்லாத்துக்கும் அதே ட்ரீட்மென்ட், ரூவா நோட்ட அயர்ன் பண்ணாங்க. அப்பா கடைக்கு போய்ட்டு வந்தா வாசல்லயே பக்கெட் இருக்கும். கண்டேஜியனோட பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்னு எனக்கு தோணுது. அது சொல்றது முக்காவாசி கரெக்டு, நோய் எப்படி பரவுதுன்னு ஆராயற எபிடெமியாலஜி ஆளுங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு எடுத்த படம், வௌவால்லருந்து பன்னி, பன்னிலருந்து சமையல்காரர், சமையல்காரர் கைலருந்து க்வினெத் பால்ட்ரோ கைன்னு கடைசில 'முதல் நாள்' காட்டறப்ப மரம் வெட்ற புல்டோசர்லருந்து ஆரம்பிக்கறாங்க, அதெல்லாம் அசத்தல். ஆனா படம் பூரா மனுசங்க தனித்தனியாவே இருக்காங்க. கேட் வின்ஸ்லெட்டே நோய் வந்து, பெரிய ஹால்ல வரிசையா போட்ட கட்டில்ல ஒண்ணுல கெடந்து, பக்கத்துல குளிருல நடுங்கற ஆளுக்கு தன்னோட கோட்ட எடுத்து குடுக்க பாக்கும், கை எட்டாது. அந்த ஒரு சீன தவிர ஒருத்தர் இன்னொருத்தர தாங்கிப் பிடிக்கறத பாத்த நிம்மதி எனக்கு அதுல கிடைக்கல. படம் முடிஞ்சதும் எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசாம போய் படுத்தோம்.

இங்கதான் ஒரு விஷயம் தெரிஞ்சு ஆச்சரியப்பட்டேன். கண்டேஜியன்ல வர்ற கற்பனை வைரஸ உருவாக்கறதுக்கு அவங்க எடுத்துக்கிட்ட முக்கியமான மாதிரி நிபா வைரஸ். 1998-99ல மலேசியாவுல பன்னிப் பண்ணைகள்ல மொத மொதலா வந்துச்சே, அதே நிபா. அதே நிபா 2018 மே மாசம் நம்ம பக்கத்து வீடான கோழிக்கோட்டுக்கு வந்துச்சு, அதத்தான் டைரக்டர் ஆஷிக் அபு 2019ல வைரஸ்னு படமா எடுத்தாரு. அப்ப ரெண்டு படமும் ஒரு வகைல ஒரே கிருமிய பத்தின படம். அட்லாண்டாவுல இருக்கற அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்துல உக்காந்து பாத்தா அது எப்படி இருக்கும், கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல நின்னு பாத்தா எப்படி இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம், ஆனா அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

வைரஸ் ஆரம்பமே மெடிக்கல் காலேஜ் கேஷுவாலிட்டி. கூட்டம், சத்தம், ஸ்ட்ரெச்சர், ஓடற ஹவுஸ் சர்ஜன்கள். நம்ம ஜிஎச்சுக்கு ஒரு தடவ போனவங்களுக்கு கூட அந்த எடம் நல்லா தெரியும். மலையாளம் நமக்கு பாதி புரியும், மீதிய மொகத்த பாத்து புரிஞ்சுக்கலாம், அதனால அம்மா அப்பா ரெண்டு பேரும் தம்பி ஒதவி இல்லாம பாத்தாங்க. ஆளுங்கதான் ரொம்ப ஜாஸ்தி, பார்வதி, டொவினோ, குஞ்சாக்கோ போபன், ஆசிப் அலி, சௌபின், இந்திரஜித், ரீமா, மந்திரியா நம்ம ரேவதின்னு வந்துட்டே இருப்பாங்க, மொத முக்கா மணி நேரம் யாரு யாருன்னு பிடிபடாது, அது ஒரு குறைதான், ஒத்துக்கறேன். அரசாங்கத்து பக்கம் கொஞ்சம் சாஞ்சும் இருக்கும். ஆனா பார்வதி கேரக்டர் ஒவ்வொரு நோயாளியும் எந்த நேரத்துல எந்த வார்டுல, எந்த வரிசைல, யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு நூல் பிடிச்சு பிடிச்சு போறது இருக்கே, அத பாக்கறப்ப அது எனக்கு துப்பறியற கத மாதிரிதான் இருந்துச்சு, ஆனா ஏப்ரல் கடைசில கோயம்பேடு மார்க்கெட்லருந்து கேஸ் மாவட்டம் மாவட்டமா பரவ ஆரம்பிச்சப்ப, லாரில யாரு வந்தா, எந்த ஊருக்கு போனான்னு சுகாதாரத் துறை ஆளுங்க வீடு வீடா கேட்டுக்கிட்டு போன செய்தி வந்தப்ப, அம்மா டக்குனு சொன்னாங்க, "ஏண்டி, அந்த மலையாளப் படத்துல அந்தப் பொண்ணு பண்ணாளே, அதத்தான இவங்களும் பண்றாங்க"ன்னு.

ஆனா வைரஸ் எனக்குள்ள ஆழமா போனதுக்கு காரணம் அது பிணத்த எப்படி நடத்துதுங்கறது. நிபால இறந்தவங்க உடம்ப எரிக்க ஆள் கெடைக்கல, பயம். இந்திரஜித் நடிச்ச டாக்டர் பாபுராஜ் அந்தப் பொறுப்ப எடுத்து முன்ன நின்னு செய்வாரு. நிஜத்துலயும் கோழிக்கோடு மாநகராட்சி ஹெல்த் ஆபிசர் அத செஞ்சாரு. நாங்க அந்தப் படத்த பாத்தது ஏப்ரல் ரெண்டாவது வாரம். ஏப்ரல் 19 ராத்திரி சென்னைல, கொரோனா வந்து இறந்து போன ஒரு நியூரோ சர்ஜனோட உடம்ப புதைக்க விடாம ஒரு கூட்டம் ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சுது. ட்ரைவர் மண்டை ஒடஞ்சுது. கடைசில கூட வேல பாத்த ஒரு டாக்டரே ஆம்புலன்ஸ ஓட்டிட்டு போயி, ரெண்டு வார்டு பாய்ஸோட சேந்து மண்வெட்டியாலயும் கையாலயும் மண்ண தள்ளி மூடுனாரு. மறுநாள் அத டிவில பாத்துட்டு அப்பா ரிமோட்ட கீழ வச்சாரு, சாப்புடாம எந்திரிச்சு போய்ட்டாரு. அன்னிலருந்து எனக்கு இந்தப் படங்கள ஒப்பிட ஒரே அளவுகோல்தான், நோய் வந்தவன ஊரு எப்படி நடத்துதுன்னு காட்றதுல எது உண்மையா இருக்குங்கறது.

இன்னொண்ணு ரீமா கல்லிங்கல் வர்ற பகுதி. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரில நிபா நோயாளிய பாத்துக்கிட்டு தானும் இறந்த நர்ஸ் லினிய மனசுல வச்சு எழுதுன கேரக்டர் அது. லினி புருசனுக்கு எழுதி வச்ச லெட்டர் 2018லயே எல்லாருக்கும் தெரியும். அந்த சீன் ஓடறப்பவே அம்மா எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போய் அக்காவுக்கு ஃபோன் போட்டாங்க. "சாப்ட்டியாடி? மாஸ்க்க எறக்காத. குளிச்சியா? சரி, வையி." அவ்வளவுதான் பேசுனாங்க, திரும்ப வந்து உக்காந்தாங்க, படத்த முழுசா பாத்தாங்க. கண்டேஜியன் பாத்துட்டு அம்மா பால் பாக்கெட்ட கழுவுனாங்க, வைரஸ் பாத்துட்டு தெனமும் அக்காவ கூப்ட ஆரம்பிச்சாங்க.

இப்ப ஏழாம் அறிவு. அதுவும் 2011 தான், தீபாவளி ரிலீஸ், கண்டேஜியனுக்கு ஒண்ணரை மாசம் கழிச்சு வந்துச்சு. 2020ல அந்தப் படத்தோட துண்டு வீடியோ வராத வாட்ஸாப் குரூப்பே எங்க சொந்தத்துல இல்ல, சீனாக்காரன் நாய்க்கு ஊசி போட்டு ஊர் பூரா நோய பரப்பறான், பாத்தீங்களா முருகதாஸ் அப்பவே சொல்லிட்டாருன்னு. தம்பியும் அதத்தான் சொல்றான். நான் தம்பிகிட்ட சொன்னது இதுதான்: அந்தப் படத்துல மொத இருவது நிமிசம் நெஜமாவே அருமை. காஞ்சிபுரத்துலருந்து போன போதிதர்மர், நோய் வந்த ஒரு சின்னப் பொண்ண ஊருக்கு வெளில விட்டுட்டு வந்துடறாங்க, அந்தக் கொழந்தைய அவரு தூக்கிக் கொணாந்து கொணப்படுத்தறாரு. சூர்யா அங்க பேசவே தேவையில்ல, அந்த நடை போதும். எல்லாரும் ஒதுக்கி வச்ச ஒடம்ப ஒருத்தர் கையால தொடறாருங்கறது தான் அங்க விஷயம், அதுல ஏழாம் அறிவும் வைரஸும் ஒரே பக்கம் நிக்குது. நம்ம ஊரு ஜனங்களுக்கு அந்தத் துண்டு வீடியோவுக்கு பதிலா அந்தக் கொழந்த சீன பரப்பி இருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் படம் வேற ரூட்ல போயிடுது. நோய்ங்கறது எதிரி நாட்டுக்காரன் அனுப்புன ஆளு, அவன அடிச்சுட்டா நோய் போயிடும், மருந்து நம்ம டிஎன்ஏலயே இருக்கு. பாக்க விறுவிறுப்பா இருக்கும், வில்லன் ஜானி ட்ரை நுயென் கண்ணாலயே மிரட்டுவாரு, அதுல கொற சொல்ல மாட்டேன். ஆனா 2020 மார்ச்சுல இது ஆபத்தான ஆறுதல்னு நான் நெனைக்கறேன். வடகிழக்கு மாநிலத்து பசங்கள அவங்க மூஞ்சிய பாத்து 'கொரோனா'ன்னு கூப்ட்டு வம்பிழுத்த செய்தி அப்ப வந்துட்டே இருந்துச்சு. யாராவது திட்டம் போட்டு பரப்பி இருப்பாங்களோங்கற சந்தேகம் வைரஸ்லயும் வருது, ஆனா அங்க ஒருத்தி உக்காந்து பொறுமையா விசாரிச்சு அந்த சந்தேகத்த ஒடைக்கறா. ஏழாம் அறிவுல அந்த சந்தேகம்தான் கதையே.

மருந்து விஷயத்துலயும் மூணும் மூணு மாதிரி. கண்டேஜியன்ல ஜூட் லா ஃபோர்சித்தியான்னு ஒரு மூலிகைய இன்டர்நெட்ல மருந்துன்னு பரப்பி, ஜனம் மெடிக்கல் ஷாப்ப ஒடச்சு அள்ளிட்டு போவும், கடைசில பாத்தா அவனுக்கு நோயே வந்திருக்காது. ஏழாம் அறிவுல பழைய வைத்தியம் எல்லாத்தையும் தீர்க்கும். நாங்க அப்ப தெனமும் காலைல கபசுரக் குடிநீர் குடிச்சோம், கசப்பு தொண்டைலயே நிக்கும், அப்பா பெரியம்மா வீட்டுக்கும் கொண்டு போய் குடுத்தாரு, குடிச்சதுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. ஆனா குடிச்சா வராதுன்னு நம்பி மாஸ்க்க கழட்டுன பக்கத்துத் தெரு ஆளுங்களையும் பாத்தேன். அங்க எனக்கு ஜூட் லா தான் ஞாபகத்துக்கு வந்தாரு.

நடுவுல 1995 அவுட்பிரேக் கூட பாத்தோம், அது கொரங்கு, ஹெலிகாப்டர், குண்டுன்னு போயிடும், டஸ்டின் ஹாஃப்மேனுக்காக ஒரு தடவ பாக்கலாம். கொரியன் படம் ஃப்ளூ தம்பி பாத்தான், நான் பாதில எந்திரிச்சுட்டேன், அழ வச்சே தீருவேன்னு நிக்கற படம் அந்த நேரத்துக்கு எனக்கு ஒத்து வரல.

அக்கா செப்டம்பர்ல தான் வந்தா. மெலிஞ்சு, மாஸ்க் போட்ட தழும்பு மூக்கு மேல அப்படியே இருந்துச்சு. ரெண்டு நாள் தூங்குனா. மூணாவது நாள் என்ன படமெல்லாம் பாத்தீங்கன்னு கேட்டா, தம்பி மூணையும் சொன்னான், அவ வைரஸ போடச் சொன்னா. கேஷுவாலிட்டி சீன் ஓடறப்ப அம்மா அவ மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. அக்கா ஒண்ணும் சொல்லல, கால நீட்டி அம்மா மடில வச்சுக்கிட்டு, வால்யூம கொஞ்சம் ஏத்துடான்னு தம்பிகிட்ட சொன்னா.